ஜாமீனையும் போலீஸே தீர்மானித்தால் நீதிமன்றம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயங்கரவாத வழக்குகளுக்கான உபா சட்டத்தைப் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) பற்றி வாய் திறந்தாலே "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். 2002-ல் இதேபோன்ற பொடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) வந்தபோது அன்றைய மத்தியக் கூட்டணியில் இருந்து அதை ஆதரித்த கட்சி மதிமுக. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக வைகோவையே அந்தச் சட்டத்தில் பிடித்து ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிறையில் வைத்தார்கள். குண்டு வைக்கவில்லை, மைக்கில் பேசினார், அவ்வளவுதான்.

போலீசுக்குக் கூடுதல் அதிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1998 கோவை குண்டுவெடிப்புகளை மறக்காத யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் சண்டை 43டி(5) என்ற ஒரே பிரிவோடுதான். மும்பைத் தாக்குதல் நடந்த சூட்டோடு 2008-ல் உபாவில் சேர்த்தது இது. கேஸ் டைரியையும் குற்றப்பத்திரிகையையும் படித்து, குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்ப இடமிருந்தால் நீதிபதி ஜாமீன் தரக் கூடாது. ஆதாரங்களை அந்தக் கட்டத்தில் ஆழமாக எடை போடக் கூடாது என்று 2019-ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் கேஸ் டைரி, குற்றப்பத்திரிகை இரண்டுமே போலீஸ் எழுதிய காகிதம்! குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் விசாரணை எப்போது தொடங்குமோ, யாருக்குத் தெரியும்.

திருச்சிப் பக்கம் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 83 வயதில் உபா சட்டத்தில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ராவுக்குக்கூட நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. 2021 ஜூலையில், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோனார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

அதே ஆண்டு நஜீப் வழக்கில், விசாரணை இழுத்துக்கொண்டே போனால் இந்தத் தடையைத் தாண்டியும் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மனிதர் அதற்குள் 5 ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-வது பிரிவிலும் கிட்டத்தட்ட இதே பயங்கரவாதக் குற்றம் இருக்கிறது, ஆனால் இந்த ஜாமீன் தடை அதில் இல்லை. வழக்கை எந்தச் சட்டத்தில் பதிவது என்று முடிவு செய்வது எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி. ஆக, கைதானவர் வீட்டுக்குப் போவதும் வருஷக்கணக்கில் உள்ளே கிடப்பதும் பாதி அந்த மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. இதற்கு என்ன அளவுகோல் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை.

43டி(5)-ஐ அடியோடு எடுக்கச் சொன்னால் எந்த அரசும் எடுக்காது, தெரியும். ஆதாரத்தைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரத்தையாவது ஜாமீன் நீதிபதிக்குத் திருப்பிக் கொடுங்கள், ஓராண்டுக்குள் விசாரணை தொடங்காவிட்டால் தடை தானாக நீங்கட்டும். தமிழ்நாட்டு மக்களவை எம்.பி.க்கள் 39 பேரில் ஒருவராவது இதற்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டு வருவாரா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை