வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: பறவைப் புத்தகங்களோடு ஒரு வருடம்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த வருடம் எட்டுக் கூட்டங்கள் நடந்தன. இன்னும் இரண்டு மழையில் நின்றுபோயின. ஹற்றனில் இருந்துகொண்டு ஜூன் மாதத்தில் திகதி குறித்தது என் பிழைதான். சந்தா, செலவு விபரங்களைப் பொருளாளர் வாசிப்பார்; நான் புத்தகங்களுக்கு வருகிறேன்.

'இந்த முறை நாவல் வேண்டாம், பறவைப் புத்தகம் பார்ப்போம்' என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கை தூக்கியவர்களில் பாதிப் பேருக்கு மைனா, செண்பகத்தைத் தாண்டிப் பெயர் தெரியாது. எனக்கும்தான்.

அதிகம் பேசப்பட்டது ஜி. எம். ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் கையேடு. 1955இல் வந்த ஆங்கிலப் புத்தகம். ஹென்றி 1891இல் இங்கேயே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கொழும்பு நூதனசாலையில் வேலை பார்த்தவர். படங்களும் அவர் வரைந்தவையே. ஒரு பறவை எப்படி நடக்கும், எதற்குச் சண்டை பிடிக்கும், கூட்டை எங்கே ஒளிக்கும் என்று பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதுகிறார். வீட்டில் உட்கார்ந்து வாசிக்க இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

மலையேறும்போது கையில் வைத்திருக்க, தீபால் வரக்காகொடவும் வேறு மூவரும் சேர்ந்து எழுதிய 2012ஆம் ஆண்டுக் கையேடு நல்லது. படத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே குறிப்பு இருப்பதால் குருவி பறந்துபோவதற்குள் பார்த்துவிடலாம். நுவரெலியா விக்டோரியா பூங்காவின் ஓடைக்கரையில், காஷ்மீரிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஈப்பிடிப்பானை இதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அந்த ஓடை நாறும் என்பதையும் சொல்லவேண்டும். குருவிகளுக்கு அது பெரிதாகப் படவில்லை. இந்தப் புத்தகத்துக்காக நாம் பணம் அனுப்பிய கொழும்புக் கடை முதலில் வேறொரு தடித்த புத்தகத்தை அனுப்பியது, அதை மாற்றி வாங்க மூன்று மாதம் பிடித்தது.

இந்த வரக்காகொடதான் 1995இல் கித்துல்கலைக் காட்டில் பழக்கமில்லாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டவர். பறவையைக் கண்ணால் காண அவருக்கு 2001 ஆகிவிட்டது. 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. கொழும்பு பஸ்ஸில் நாம் தூங்கிக்கொண்டே கடக்கிற அதே கித்துல்கலை!

அதற்கு முன் இலங்கையில் புதிய பறவை கிடைத்தது 1868இல். நம் மலை ஓடைகளில் விசிலடிக்கும் கருநீலப் பறவை அது. அதன் விஞ்ஞானப் பெயரில் இருப்பது பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயர். அந்தக் கோப்பிக் காட்டில் வேலை செய்த நம் ஆட்கள் அதை அதற்கு முன்பே எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்? என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? இந்த வருடம் முழுக்க என்னைக் குடைந்த கேள்வி இதுதான்.

தமிழில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். தமிழ்நாட்டு இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். நடைக்காகவே வாங்கலாம். ஆனால் நம் மலையில் மட்டும் வாழும் மஞ்சள் காதுப் புல்புல்லை அதில் தேடுவது நியாயமில்லை.

சரி, பெயர்களை நாமே சேர்ப்போம் என்று ஒரு கொப்பி வாங்கினோம். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற, உறுப்பினர் ஒருவரின் அப்பாயியிடம் கையேட்டைக் காட்டியதும், கண்ணாடி போடாமலே, "இது ஆறுமணிக் குருவியில்ல?" என்றார். காலையும் மாலையும் ஆறு மணி அளவில் கத்துவதால் வந்த பெயர். சிங்களத்தில் அதே பறவை 'அவிச்சியா'. அதன் உடுப்பை மயில் திருடிவிட்டதாக ஒரு கதையும் உண்டு. ஓடைப் பறவையைக் காட்டியபோது சிரித்தார். "இருட்டோட விசிலடிக்கும். அது பேரை யாரு கேட்டா?"

கொப்பியில் அந்த வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. உறுப்பினர்கள் அவரவர் தோட்டத்தில் வயதானவர்களிடம் விசாரிக்க வேண்டும் என்பதை அடுத்த வருடத்துக்கான தீர்மானமாக முன்வைக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். ஹென்றியின் பிரதி நவம்பரிலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர் சத்தமில்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம், தாமதக் கட்டணம் கேட்கமாட்டோம்.

செயலாளர்