சுபாங்கில் இறங்கி சிப்பாங்கில் ஏறுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்குத் திருச்சி, சென்னை செல்ல டிக்கெட் வாங்கும் கூலாய் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். ஜொகூரின் செனாய் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் ஃபயர்ஃபிளை விமானம் சுபாங் விமான நிலையத்தில் இறங்கும். தமிழ்நாட்டுக்கான விமானமோ சிப்பாங்கிலுள்ள கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் புறப்படும். இரண்டுக்கும் ஊர்ப் பெயர் கோலாலம்பூர் என்றே வருவதால் பலர் கவனிப்பதில்லை. டிக்கெட்டில் உள்ள விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள்: சுபாங் எஸ்.இசட்.பி., சிப்பாங் கே.யு.எல். 2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்களும் சுபாங்கிற்குத் திரும்பியதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

இடையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உண்டு. நேர் ரயில் எக்காலத்திலும் இருந்ததில்லை; 2018 முதல் 2023 பிப்ரவரி வரை சுபாங்கிலிருந்து ஓடிய ஸ்கைபார்க் லிங்க் ரயில்கூட கோலாலம்பூர் நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்குத்தான் போனது. எனவே எலிட் நெடுஞ்சாலை வழியாகக் கிராப்பில் (செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) போவதே சுலபம். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம் போதும். மாலை 5 முதல் 8 வரை, அதிலும் வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டால், ஷா ஆலாம், யூ.எஸ்.ஜே. பக்கம் வண்டி ஊரும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நால்வரும் நான்கு பெரிய பெட்டிகளும் என்றால் ஆறு இருக்கை வண்டியே கேளுங்கள். டெக்சியாக இருந்தால் பின்பக்கத்தில் எரிவாயுக் கலன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும்.

வண்டி பிடிக்கும்போது ‘கே.எல்.ஐ.ஏ.’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஏர் ஏசியா முனையம் 2. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் முனையம் 1. மாறி இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம்: இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம், 2 வெள்ளி (ரிங்கிட்). இலவசப் பேருந்தும் உண்டு, ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பெட்டி குறைவாக இருப்பவர்கள் ஆரா டமன்சாரா எல்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையம் வரை கிராப்பில் போய், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் கே.எல். சென்ட்ரல் சென்று, விமான நிலைய ரயிலான கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ஏறலாம். முனையம் 1-க்கு 28 நிமிடம், 2-க்கு 33 நிமிடம். ஒருவழிக் கட்டணம் 55 வெள்ளி. நால்வருக்குக் கணக்குப் போட்டால் கிராப்தான் மலிவு.

நேரக் கணக்கில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சுபாங்கில் பெட்டி எடுக்க அரைமணி, சாலைக்கு ஒன்றரை மணி, அனைத்துலக விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக: ஆக ஐந்து மணி நேர இடைவெளி வேண்டும். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டில் முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியும் தானாக மாறாது. எங்களைக் கேட்டால், செனாயிலிருந்து நேராக சிப்பாங் வரும் விமானத்தை ஒரே டிக்கெட்டில் வாங்குவது மேல். சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் பெட்டி கடைசி ஊர்வரை போய்விடும்.

திரும்பும்போது எடை இன்னொரு தொல்லை. திருச்சியில் 30 கிலோ அனுமதியோடு ஏற்றிய பெட்டிக்கு உள்நாட்டு டிக்கெட்டில் அதே அனுமதி இருப்பது அரிது. கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கவுண்டரில் கேட்பதைவிடக் குறைவாகும். குடிநுழைவு, சுங்கம் முடிந்து சுபாங்கின் கடைசி விமானத்தைப் பிடிக்க முடியாதென்று தெரிந்தால், அங்கே ஓடிப் பயனில்லை. முனையம் 2-இன் பேருந்து நிலையத்திலிருந்தே ஜொகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்துக்கு நேர்ப் பேருந்து இருக்கிறது.

கூலாய் பயண முகவர்கள் சிலர்,
கூலாய், ஜொகூர்