பாதியில் நிற்கும் மனநலக் கட்டுரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இணைப்பிதழில் உளவியல் ஆலோசகர்களும் லைஃப் கோச்களும் எழுதும் கட்டுரைகள் இப்போது அதிகம் வருகின்றன. தொழிலுக்கு ஆள் வரட்டும் என்றுதான் எழுதுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பல கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை: பத்து அறிகுறிகளின் பட்டியல், ‘மூன்று இருந்தாலும் நிபுணரை அணுகுங்கள்’ என்ற வரி, கீழே எழுதியவரின் கைபேசி எண்.

அந்தப் பட்டியல் யாருக்குத்தான் பொருந்தாது? 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். அவரவருக்கான முடிவு என்று சொல்லி, எல்லோர் கையிலும் ஒரே வாசகத்தைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது வகுப்பின் சராசரி 4-ஐத் தாண்டியது. ‘அடிக்கடி சோர்வு, முடிவெடுக்கத் தயக்கம்’ என்ற வரிகளும் அந்த வகைதான். படித்துப் பயந்தவர் போன் செய்வார்; பயம் தணிந்ததும் வருவதை நிறுத்திவிடுவார்.

தீர்வை முழுதாக எழுதிவிட்டால் யார் வருவார்கள் என்ற அச்சமே இந்தப் பாதிக் கட்டுரைகளுக்குக் காரணம். அது வீண் அச்சம். தூக்கமின்மையை எடுத்துக்கொள்வோம். எழும் நேரம் விடுமுறை நாளிலும் மாறக் கூடாது. படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுக்க வேண்டும். விழித்தபடி படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடும், காரணம் அதுதான். முந்தைய இரவின் இழப்பை ஈடுகட்டப் பகலில் நெடுநேரம் தூங்கினால் அன்றிரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். இவ்வளவையும் முந்நூறு சொற்களில் சொல்லிவிடலாம்.

இதைச் செய்து பார்ப்பவர்களில் சிலருக்கு அதுவே போதும். அவர்கள் வராததில் நட்டமில்லை. மற்றவர்கள் தடுமாறும் இடங்கள் அனுபவமுள்ள ஆலோசகருக்குத் தெரியும். முதல் வாரங்களில் பகல் தூக்கக் கலக்கம் கூடலாம், வண்டி ஓட்டுபவருக்கு அது ஆபத்து. குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வும் கட்டுமீறிய மனஎழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர், படுக்கையில் இருக்கும் நேரத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது. தூக்கம் குறைந்தால் மனஎழுச்சி கிளம்பக்கூடும். ‘இந்த இடத்தில் தனியாக முயலாதீர்கள்’ என்று சொல்லும் வரிதான் கட்டுரையில் இருக்கும் உண்மையான விளம்பரம். அதைப் படித்துவிட்டு வருபவர் எதற்கு வருகிறோம் என்று தெரிந்தே வருகிறார்.

தலைப்பு அவதிப்படுபவரின் பேச்சில் இருக்க வேண்டும். ‘அட்டாச்மென்ட் ஸ்டைல்’ (நெருங்கிய உறவுகளில் ஒருவர் பிணையும் விதம்) என்ற தலைப்பை ரசிப்பவர்கள் சக ஆலோசகர்கள். ‘மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் ஏன் இப்படிப் பதறுகிறேன்?’ என்பது வேண்டியவர் கண்ணில் படும். ஒரு கட்டுரைக்கு ஒரு சிக்கல், 600 முதல் 700 சொற்கள் போதும். மாதம் ஒன்றாக ஓராண்டு எழுதுவது, ஒரே வாரத்தில் ஐந்து எழுதிவிட்டு ஓய்வதைவிட மேல். அழைப்பவரிடம் எந்தக் கட்டுரையைப் படித்தார் என்று கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். கட்டுரை ஒன்றைப் பேச, அழைப்பவர்கள் வேறொன்றைக் கேட்டால் தலைப்பு தவறான ஆளைக் கூப்பிட்டிருக்கிறது.

அதிகம் சறுக்குவது ‘ஒரு பெண் வந்தார்’ என்று தொடங்கும் கதைகளில். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, சம்பவம் நடந்த வரிசை ஆகியவை அப்படியே இருந்தால் அவரும் அவர் வீட்டாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அடுத்த அமர்வில் அவர் வாய் திறப்பது சந்தேகமே. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, ஆளை இனங்காண முடியாதபடி மறைக்க வேண்டும் அல்லது எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டுரை கேட்பதையும் அது தடுக்கிறது; மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்பது கேள்வியே அல்ல. கதைதான் வேண்டுமென்றால் பலருக்குப் பொதுவானதைச் சேர்த்துக் கற்பனையாக எழுதி, கற்பனை என்றே சொல்லிவிடலாம்.

கோச்களுக்கு ஒரு சொல். இலக்கு, பழக்கம், வேலை மாற்றம் பற்றித் தாராளமாக எழுதுங்கள். மனச்சோர்வையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பையும் ‘மைண்ட்செட்’ என்று சுருக்கி எழுதினால், சிகிச்சை தேவைப்படுபவர் உங்களிடம் வந்து மாதங்களை இழப்பார்.

கடைசியாகத் தங்களிடம் சில கோரிக்கைகள். கட்டுரையின் கீழே எழுதியவரின் படிப்பு, பதிவு, யாரைப் பார்க்கிறார், யாரைப் பார்ப்பதில்லை, ஒரே ஒரு தொடர்பு வழி ஆகியவற்றை நாற்பது சொற்களுக்குள் போடுங்கள். ‘யாரைப் பார்ப்பதில்லை’ என்பதை அநேகமாக யாரும் எழுதித் தருவதில்லை, கேட்டு வாங்குங்கள். தற்கொலை பற்றிய கட்டுரையில், உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல், செய்முறை விவரம் வேண்டாம். உதவி எண் கட்டாயம் வேண்டும், அது எழுதியவரின் சொந்த எண்ணாக இருக்கக் கூடாது. பிரபலங்களின் மனநிலையைத் தொலைவிலிருந்து கணிக்கும் கட்டுரைகளைத் திருப்பி அனுப்புங்கள். நேரில் பரிசோதிக்காமல், உரிய அனுமதியும் பெறாமல் அப்படிக் கருத்துச் சொல்வதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 முதலே தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்திருக்கிறது.

இப்படிக்கு,
உளவியல் ஆலோசகர், தங்கள் வாசகர்