வெள்ளை ஒயின் பழசானா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல ஒயின் பத்தி வந்த கட்டுரையில, வெள்ளை ஒயின் எதுவா இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள்ள குடிச்சிடணும், அப்புறம் வேஸ்ட்னு போட்டிருந்தீங்க. அதைப் படிச்சிட்டு எங்க பக்கத்து வீட்டு அண்ணன், அவரு மகன் ஆஸ்திரியாவுல இருந்து கொண்டாந்து குடுத்த 2012 ரீஸ்லிங்கை (அது ஒரு வெள்ளைத் திராட்சை வகை, அதுல செஞ்ச ஒயின்) திறந்து மோந்து பார்த்துட்டு, மண்ணெண்ணெய் வாடை அடிக்குதுன்னு சிங்க்ல ஊத்திட்டாரு. எனக்கு மனசே ஆறல, அதான் எழுதுறேன்.

நான் வியன்னாவுல ஹோட்டல் கிச்சன்ல 14 வருஷம் இருந்துட்டு இப்ப குன்னூர்ல செட்டில் ஆயிட்டேன். அந்த வாடை கெட்டுப்போன வாடை இல்லீங்க. ரீஸ்லிங் பாட்டில்ல வருஷக்கணக்கா இருக்கும்போது டிடிஎன் (TDN) அப்படின்னு ஒரு பொருள் உருவாகும், அதோட வாசனைதான் அது. கிளாஸ்ல ஊத்தி கொஞ்ச நேரம் விட்டா அதுக்குப் பின்னாடியே எலுமிச்சைத் தோல், தேன், காய்ஞ்ச பழம்னு ஒவ்வொண்ணா எழுந்து வரும், ஆனா வாயில வச்சா இனிப்பு கிடையாது, புளிப்பு சுருக்குனு நிக்கும். அந்தப் புளிப்புதான் ஒயினை இத்தனை வருஷம் காப்பாத்துது. நிஜமாவே கெட்டிருந்தா நறுக்கி வச்ச ஆப்பிள் மாதிரி பழுப்பாகி வினிகர் வாடை வரும், இல்ல கார்க் கெட்டு நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் அடிக்கும். இதை மட்டும் கட்டுரையில போட்டிருந்தா அண்ணன் ஊத்தியிருக்க மாட்டாரு.

லீவுக்கு வரும்போது ரெண்டு ரெண்டு பாட்டிலா கொண்டாந்து வீட்டுக்குப் பின்னாடி கல்லு ரூம்ல இருட்டுல படுக்க வச்சிருந்தேன். கட்டுரையைப் படிச்ச ராத்திரியே ரெண்டைத் திறந்தேன். ரெண்டுமே ஆஸ்திரியாவுல வாஹாவ்ங்கிற ஊர்ப்பக்கத்து க்ரூனர் வெல்ட்லீனர், அதுவும் ஒரு வெள்ளைத் திராட்சை வகைதான். வாஹாவ்னா டான்யூப் ஆத்தோரம் மெல்க், கிரெம்ஸ்ங்கிற ரெண்டு ஊருக்கும் நடுவுல, செங்குத்தான சரிவுல சிமெண்ட் இல்லாம கல்லை அடுக்கிக் கட்டின படிப்படியான தோட்டம், நம்ம கேரட் காட்டைப் பார்க்குற மாதிரியே இருக்கும். அங்க லேசான ஒயினுக்கு ஃபெடர்ஷ்பீல்னு பேரு, ஆல்கஹால் 12.5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, நல்லா பழுக்க விட்டுப் பறிச்சு 12.5க்குக் குறையாம வர்றது ஸ்மராக்ட்.

2015 ஃபெடர்ஷ்பீல் இளைச்சுப் போயிருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்ல, அது சீக்கிரம் குடிக்க வேண்டியதுதான், அதுக்கு உங்க கட்டுரை சொன்னது கிட்டத்தட்ட சரி. ஆனா 2013 ஸ்மராக்ட்! க்ரூனர்ல இயல்பாவே ஒரு மிளகு வாசம் இருக்கும், நம்ம கூடலூர் மிளகுல இருக்குற ரொட்டண்டோன்ங்கிற அதே பொருள்தான் காரணம், அது லேசா அடங்கி, வறுத்த பாதாம், தேன்மெழுகு, வெண்ணெய் தடவின டோஸ்ட் வாசமெல்லாம் வந்திருந்துச்சு. வீட்ல மிளகுக் கோழி வறுவல் பண்ணியிருந்தாங்க, அதோட குடிச்சப்ப ரெண்டும் அப்படி ஒத்துப்போச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் குடிச்சிடாதீங்க, அரை மணி நேரம் வெளிய வச்சாதான் வாசம் தெரியும்.

இது என் ஒருத்தன் நாக்கு சொல்றது மட்டும் இல்ல, 2002ல லண்டன்ல லேபிளை மறைச்சு வச்சு ருசி பார்த்தப்ப பிரான்ஸோட பர்கண்டி வெள்ளை ஒயினையே க்ரூனர் முந்துச்சு.

அடுத்த இணைப்புலயாவது இதைத் திருத்திப் போடுங்க ஐயா. வெளிநாட்டுல புள்ளைங்க இருக்குற வீடு இந்த மலையில நிறைய, அலமாரியில இப்படி பாட்டில் இருக்கும், ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்