ஜோகூர் செல்வாவுக்கு

அன்புள்ள செல்வா,

நலம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? இங்கே இரண்டு நாளாக மழை. தேக்கா வரை போய்க் கறிவேப்பிலை வாங்கக்கூட மனசு வரவில்லை.

ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா கட்டமைப்பு) எழுதிய செயலியை அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடோடு இணைக்கும் வேலை உன் தலையில் விழுந்திருப்பதாக எழுதியிருந்தாய். முதலில் அதன் கோப்புக் கிடங்கான எஸ்3-இல் ஒரே ஒரு கோப்பை ஏற்றிப் பார், போதும். பாம் கோப்பில் (pom.xml) இரண்டையும் இணைக்கும் நூலகமான ஸ்பிரிங் கிளவுட் ஏடபிள்யூஎஸ்ஸின் பாம் (BOM) என்னும் பதிப்புப் பட்டியலைச் சேர்த்துவிடு (தமிழில் எழுதினால் இரண்டுமே வெடிகுண்டுதான்!). அப்புறம் ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்கும் (ஒரு சேவைக்கான நூலகத் தொகுப்பு) தனியாகப் பதிப்பு எண் போடத் தேவையில்லை. ஸ்பிரிங் பூட் 3 என்றால் இந்த நூலகத்திலும் 3-ஆம் பதிப்பு வரிசை. ஜாவா குறைந்தது 17 வேண்டும்.

ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் நுழையும் ரகசியச் சாவியை மட்டும் ப்ராப்பர்ட்டீஸ் (அமைப்புகள்) கோப்பில் எழுதிவிடாதே. கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் (Git) ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் கிடக்கும். சுற்றுச்சூழல் மாறி (environment variable), உன் மடிக்கணினியில் உள்ள ப்ரொஃபைல், சர்வருக்குக் கொடுத்த ரோல் என்று ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்டிகே (நிரல் கருவித்தொகுப்பு) தானே சாவியை வரிசையாகத் தேடிக்கொள்ளும். ரீஜன் (சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) ஏபி-சவுத்ஈஸ்ட்-1. அதாவது எங்கள் சிங்கப்பூர்தான். உன் கோப்புகள் உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் மாட்டாமல் வந்து சேரும்.

செய்திகளை வரிசையில் வைத்துத் தரும் எஸ்கியூஎஸ் பக்கம் போகும்போது என் கதையை நினைத்துக்கொள். வரிசையில் வரும் செய்தியை எடுத்து வேலை செய்யும் லிசனர் எழுதுவது ஒரு வரி அனொட்டேஷன்தான், அன்றைக்கே ஓடியது. ஒரு வாரம் கழித்து, ஒரே ஆர்டருக்கு இரண்டு குறுஞ்செய்தி வருகிறது என்று வாடிக்கையாளர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரவு பதினொரு மணி வரை லாக்கைத் தோண்டினேன். வரிசையிலிருந்து ஒரு சர்வர் எடுத்த செய்தி மற்ற சர்வர்களுக்கு 30 விநாடிதான் மறைந்திருக்கும். அது இயல்பான அமைப்பு. என் கோடு பிடிஎஃப் உருவாக்கி முடிக்க நாற்பது விநாடி எடுத்தது. அதற்குள் செய்தி மறுபடி தலைகாட்ட, இன்னொரு சர்வர் அதை எடுத்துக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது.

மறைந்திருக்கும் நேரத்தை 2 நிமிடமாகக் கூட்டினேன். அது பாதி மருந்துதான். சாதாரண வரிசை ஒரு செய்தியை எப்போதாவது இருமுறை தரத்தான் செய்யும். அதனால் ஆர்டர் எண்ணைத் தரவுத்தளத்தில் குறித்து வைத்து, ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடச் சொன்னேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பழகுவதற்கு, ஏடபிள்யூஎஸ் போலவே உன் கணினியில் நடிக்கும் லோக்கல்ஸ்டாக்கை டாக்கரில் ஓட்டு, ஏடபிள்யூஎஸ் பில் வராது. அடுத்த சனிக்கிழமை அங்கே வருகிறேன். உன் பாம் கோப்பைத் திறந்து வை, கூடவே அம்மா செய்யும் நண்டுக் கறியும் இருந்தால் சரி.

அன்புடன்,
குமார்