பைப்பின் கனத்தை ஏன் எழுதுவதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மாடியிலேயே உடற்பயிற்சி செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்டால், பஸ்கி பற்றி எழுதியதெல்லாம் சரி. டிப்ஸ், அதாவது இரண்டு கம்பியில் கையை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றுகிற பயிற்சி, எடுக்கிற ஸ்டாண்டை மட்டும் "உறுதியானதாகப் பார்த்து வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உறுதி என்றால் என்ன, அதை எங்கே பார்ப்பது என்று சொல்லவில்லை. நான் பழங்காநத்தத்தில் முப்பத்தோரு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் என் பிழைப்பு. இந்த இரண்டு வருடத்தில் உடைந்த டிப்ஸ் ஸ்டாண்ட் மட்டும் ஏழு, ஒட்டுப்போட என்னிடம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வந்தது போன மாதம். அடுத்த தெருப் பையன் ஒருவன், தை முதல் தேதி அவனியாபுரம் வாடிவாசலில் இறங்கியே தீருவேன் என்று உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறான். போனில் பார்த்து ஆர்டர் போட்ட ஸ்டாண்ட், இருபது நாளில் ஒரு கால் மடங்கி, விலாவில் அடி. நல்ல வேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. அவனும் அவன் அம்மாவும் டிவிஎஸ் 50-இல் அதை நடுவில் வைத்துக்கொண்டு வந்தார்கள். "மாமா, ரெண்டு புள்ளி வச்சுக் குடுங்க, போதும்" என்றான் பையன். "அண்ணே, ஒட்டித் தராதீங்க, எடைக்குப் போட்டுருங்க" என்றார் அம்மா.

கிரைண்டிங் வீலை வைத்துக் கருப்புப் பெயிண்டைச் சுரண்டினேன். காலும் தரையில் படிகிற அடிக்கட்டையும் சேர்கிற இடம் சதுர டியூப். நான்கு பக்கமும் சுற்றி வெல்ட் ஓடியிருக்க வேண்டும். வெளியே கண்ணுக்குத் தெரிகிற இரண்டு பக்கத்தில் மட்டும் அழகாக ஓட்டிவிட்டு, உள்பக்கம் இரண்டையும் அப்படியே விட்டிருந்தார்கள். அங்கே நகம் நுழைகிற அளவு சந்து, அதற்குள் துரு. டியூப்பின் கனத்தை வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 1.2 மில்லிமீட்டர். எங்கள் பாஷையில் 18 கேஜ், கேஜ் எண் ஏற ஏறக் கனம் குறையும். ஜன்னல் கிரில்லுக்குக்கூட நான் யோசித்துத்தான் அதைப் போடுவேன். ஆள் தொங்குகிற சாமானுக்கு 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டருக்குக் குறைந்து போகக்கூடாது.

அட்டைப் பெட்டியில் '150 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தது. பையன் 68 கிலோ. அப்புறம் ஏன் மடங்கியது? கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டையைத் தராசுத் தட்டில் இறக்கும்போது பாருங்கள், மெதுவாக வைத்தால் முள் நேராகப் போய் நிற்கும். தொப்பென்று போட்டால் முள் எங்கோ எகிறிவிட்டுத்தான் திரும்பி வரும். டிப்ஸும் அதுதான். வேகமாக இறங்கி, அடியில் பிரேக் போட்டு, திரும்ப உந்தும்போது ஸ்டாண்டுக்குக் கிடைப்பது 68 கிலோ அல்ல, அதற்கும் மேல். அதோடு அந்தச் சுமை நேர்கீழாகவும் போவதில்லை. நெஞ்சு முன்னால் சாயும், கால் பின்னால் போகும், கை இரண்டும் கம்பியை வெளிப்பக்கமாகத் தள்ளும். அசையாமல் வைத்த எடையை மட்டும் தாங்குகிற ஸ்டாண்ட் இந்த ஆட்டத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

நான் படித்த கார்ப்பரேஷன் பள்ளி மைதானத்தில் ஒரு டபுள் பார் இருந்தது. பழைய கனத்த இரும்புக் குழாய், இரண்டடிக்கு மேல் மண்ணுக்குள் கான்கிரீட் போட்டுப் புதைத்தது. நாலு பேர் ஒன்றாகத் தொங்கினாலும் அசையாது. டிரில் வாத்தியாரின் பிரம்பைவிட அதைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். அந்தப் பாருக்குப் பிடிமானம் மண். மாடியில் வைக்கிற ஸ்டாண்டுக்கு மண் கிடையாது, அகலம்தான் பிடிமானம். ஆகவே மேலே இருக்கிற கைப்பிடியின் பளபளப்பையும் ஸ்பாஞ்சையும் பார்க்காமல் குனிந்து அடிக்கட்டையைப் பாருங்கள். கைப்பிடி முன்னாலும் பின்னாலும் எங்கே முடிகிறதோ அதையும் தாண்டி அடிக்கட்டை நீள வேண்டும். கைப்பிடி நீண்டு அடிக்கட்டை குட்டையாக இருந்தால், முனையைப் பிடித்துச் சாய்ந்த மறுகணம் ஸ்டாண்ட் உங்களோடு சேர்ந்து சாயும்.

இப்போது அதிகமாக விற்பது இரண்டு தனித்தனி ஸ்டாண்ட். மூலையில் சாய்த்து வைக்கலாம், இடம் அடைக்காது. எனக்கு அது பிடிக்காது. ஆள் உந்துகிற உந்தில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டையும் பின்பக்கம், தரையை ஒட்டி, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுகிற குறுக்குக் கம்பி உள்ளதாகப் பாருங்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஓட்டை ஓட்டையாகப் போட்டு இரும்பு 'பின்' சொருகுகிற மாடலில் ஆட்டம் கட்டாயம் இருக்கும். வீட்டில் ஒரே ஆள் செய்வதற்கு உயரம் மாற்றுகிற வசதி எதற்கு? போல்ட் போட்டு மாட்டுகிறது என்றால் நைலான் வைத்த லாக் நட் கேளுங்கள், ஒரு வாரம் கழித்து ஸ்பேனரை எடுத்து இன்னொரு முறை இறுக்குங்கள்.

இரண்டு கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு டேப்பே வேண்டாம். அவரவர் கையால் ஒரு முழம். முழங்கையை ஒரு கம்பியில் வைத்தால் நடுவிரல் நுனி அடுத்த கம்பியைத் தொட வேண்டும். பெரும்பாலான ஆட்களுக்கு 18 அங்குலத்தை ஒட்டி வரும். ஒன்றிரண்டு அங்குலம் கூடினால் பாதகமில்லை. ரொம்ப அகலமாகிவிட்டால் தோள்பட்டையின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். அளப்பது உங்கள் முழமாக இருக்கட்டும், பூக்காரம்மாவின் முழம் இதற்கு உதவாது.

மதுரை மாடிகளுக்கு என்று ஒரு சங்கதி உண்டு. மழைத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துத்தான் தட்டு ஓடு பதித்திருப்பார்கள். கடையின் மொசைக் தரையில் கல் மாதிரி நின்ற ஸ்டாண்ட், மாடிக்கு வந்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டும். அதைத் தள்ளித் தள்ளி இடம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பலகைத் துண்டை நகராதபடி ஆணியடித்து அண்டை கொடுக்க வேண்டும். வெறும் அட்டையை மடித்து வைத்துவிட்டு ஏறாதீர்கள். காலில் மாட்டுகிற ரப்பர் புஷ் சித்திரை வெயிலில் பிஸ்கட் மாதிரி நொறுங்கிப்போகும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், இருசக்கர வாகனக் கடையிலேயே ரப்பர் கிடைக்கும்.

பையனுக்குப் பழைய ஸ்டாண்டை ஒட்டித் தரவில்லை. புதிதாகச் செய்து கொடுத்தேன். ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், பி கிளாஸ். ஒன்றேகால் இஞ்ச் என்பது பெயருக்குத்தான், வெளிச்சுற்றின் குறுக்களவு 42 மில்லிமீட்டர் வரும், கைக்கு நிறைவாக இருக்கும். சின்னக் கை என்றால் ஒரு இஞ்ச் போதும், அது கிட்டத்தட்ட 34 மில்லிமீட்டர். கடையில் மஞ்சள் பட்டை அடித்திருந்தால் ஏ கிளாஸ், லேசானது. நீலப் பட்டை பி கிளாஸ், கனம் 3.2 மில்லிமீட்டர். சிவப்பு சி கிளாஸ், இந்த வேலைக்கு அது தேவையில்லை. ஒன்றரை லெங்த் பைப் பிடித்தது, ஒரு லெங்த் என்பது இருபது அடி. கால் சேர்கிற மூலைகளுக்கு மிச்சத்துண்டில் சாய்வு முட்டுக் கொடுத்தேன். மொத்தம் இருபத்தைந்து கிலோவுக்கு மேல். அந்த எடையும் ஒரு பாதுகாப்புதான். பைப்பும் கூலியும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. போனில் வாங்கியதைவிட அதிகம்தான், மறைக்கவில்லை.

உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் செய்யச் சொன்னால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் வெல்ட் வைத்தால் எழும் வெள்ளைப் புகை, வைக்கிறவனுக்கு ராத்திரி காய்ச்சலைக் கொடுக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். நான் குடித்தும் பார்த்திருக்கிறேன், காய்ச்சல் வரத்தான் செய்தது. ஆகவே சுரண்டிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டிய இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். பைப் வாயை மூடி போட்டு அடையுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீர் உள்ளே நின்று உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

சொந்தத் தொழிலுக்கு விளம்பரம் தேடுகிறேன் என்று நினைக்காதீர்கள், பெயரும் பட்டறை முகவரியும் போட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நல்ல கம்பெனி ஸ்டாண்டும் இருக்கிறது. ஆனால் நல்லது எது என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையனை விட்டு, பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னேன். "டியூப் எத்தனை எம்.எம். கனம்?" என்று கேட்டான். "ஹெவி டியூட்டி சார்" என்றார்கள். "அதான், எத்தனை எம்.எம்.?" "ஹெவி டியூட்டி சார்." மூன்றாவது தடவை கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. கரண்ட் வயர் விற்கிறவன் எத்தனை ஸ்கொயர் எம்.எம். என்று மேலேயே எழுதித்தான் விற்கிறான். ஆள் தொங்குகிற இரும்புக்கு டியூப்பின் கனம், அடிக்கட்டையின் நீளம், 150 கிலோ என்றால் அசையாமல் வைத்தா, ஆட்டியா என்று மூன்று வரி எழுதப் பெட்டியில் இடமா இல்லை?

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது பையனின் புஜத்தை மட்டும் படம் பிடிக்காமல் ஸ்டாண்டின் காலையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் போட்ட படத்தில் ஓரமாகக் கொஞ்சம் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இடது பக்கப் பின்கால் தரையைத் தொடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் பட்டறைக்காரன்,
பழங்காநத்தம், மதுரை.