மடக்குக்கத்தி வாங்கப்போகும் மகளுக்கு

தூத்துக்குடி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கத்திகளின் படங்களையும் நேற்றிரவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் வேலைக்குப் போகப் பாதுகாப்புக் காலணியும் கையுறையும் வாங்கியாகிவிட்டது, இனிக் கத்தி ஒன்றுதான் பாக்கி, இவற்றில் எது நல்லது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். கேள்வி ஒரு வரிதான் என்றாலும் பதிலை ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கப்பலின் மேல்தளமான டெக்கில் வேலை செய்து, அவற்றில் கடைசிப் பதினோரு ஆண்டுகள் டெக் ஆட்களுக்குத் தலைவனான போசனாக இருந்தவன் நான். கப்பலில் மற்றக் கருவிகளெல்லாம் ஸ்டோரிலிருந்து வந்து ஸ்டோருக்கே திரும்பிப் போகும். கத்தி மட்டும் நாள் முழுவதும் உடம்போடு இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உன்னிடம் சொன்ன ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். என் வலது கை ஆள்காட்டி விரல் முழுதாக மடங்காது என்பது உனக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது நீ அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாய். கண்ணாடி கிழித்துவிட்டது என்றேன். உன் அம்மாவுக்கும் அதையே சொல்லியிருந்தேன். கிழித்தது கண்ணாடி அல்ல, என் கத்திதான். கப்பலில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, பெயின்ட் டிரம்களைச் சுற்றியிருந்த தடித்த பிளாஸ்டிக் உறையைக் கத்தி நுனியால் குத்திக் கிழிக்கப் போனேன். என் கையில் இருந்தது பூட்டில்லாத சாதாரண மடக்குக்கத்தி. நுனி எதிலோ சிக்கி நின்றுவிட, கை மட்டும் முன்னே போக, அலகு கைப்பிடியை நோக்கி மடங்கி, இடையில் அகப்பட்ட ஆள்காட்டி விரலின் மேல் இறங்கியது. துறைமுகம் சேர இன்னும் நான்கு நாள் இருந்தது. இரண்டாம் அதிகாரி தனக்குத் தெரிந்த அளவில் தையல் போட்டார். தோல் கூடியது, உள்ளே அறுந்த தசைநாண் கூடவில்லை. அந்தக் கத்தியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் செய்த கத்தியை நான்தான் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆகவே, நீ பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது அலகுமல்ல, எஃகுமல்ல, பூட்டு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பேனாக்கத்திகளும், 1891இல் கார்ல் எல்சனர் சுவிஸ் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த கத்தியின் வழிவந்த சிறிய மாதிரிகளும் ஒரு வில்தகட்டின் அழுத்தத்தால் மட்டுமே விரிந்து நிற்பவை. அவை மென்மையான வேலைக்கு மிக நல்லவை, டெக்குக்கு ஆகாதவை. பூட்டுள்ளவற்றிலும் பல வகை உண்டு. முதுகுப் பக்கத்தில் பூட்டு இருக்கும் வகையை 1964இல் வந்த பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி உலகமெங்கும் பரப்பியது. என் காலத்து மாலுமிகள் பலருடைய இடுப்பில் அதன் தோல் உறையைப் பார்த்திருக்கிறேன். அது உறுதியானது, நம்பத்தக்கது. ஆனால் பூட்டு போய் உட்காரும் சிறு பள்ளத்தில் கிரீசும் பெயின்ட் துகளும் அடைந்துவிட்டால் அது முழுதாக விழாது. விழுந்துவிட்டது போலத் தோன்றுவதுதான் அதில் உள்ள ஆபத்து. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகைத் தாங்கும் வகைதான் இன்று கடைகளில் மிகுதி. அதை மடக்க வேண்டுமானால் கட்டைவிரலை அலகு வரும் பாதையிலேயே வைத்துத் தகட்டைத் தள்ள வேண்டும். பகலில் அது ஒரு பொருட்டல்ல. நள்ளிரவில் மூரிங், அதாவது கப்பலைத் துறையில் கயிற்றால் கட்டும் வேலை, முடித்து, கை மரத்து, மழையும் பெய்துகொண்டிருக்கும்போது அது பொருட்டுதான். அதோடு அந்தத் தகடு பெரும்பாலும் வலக்கைக்காரர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகிறது. நீ இடக்கைக்காரி. உன் பாட்டி உன் கையை மாற்றப் பார்த்த நாள்களில் நான் கடலில் இருந்தேன். நீ மாறாமல் நின்றாய் என்று கடிதத்தில் படித்தபோது மகிழ்ந்தேன். இப்போது ஒரு கத்திக்காக நீ கை மாற வேண்டாம்.

உனக்கு ஏற்றது குறுக்குக்கம்பிப் பூட்டு என்பது என் முடிவு. கைப்பிடியின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சிறு எஃகுக் கம்பி, அலகின் அடியில் குறுக்காக விழுந்து நிற்கும். எந்தக் கையாலும் அதைப் பின்னுக்கு இழுக்கலாம். மடக்கும்போது ஒரு விரலும் அலகின் பாதையில் இருக்காது. பெஞ்ச்மேட் என்ற அமெரிக்க நிறுவனம் ஆக்சிஸ் என்ற பெயரில் பரப்பிய இந்த அமைப்பை இன்று குறைந்த விலைக் கத்திகளிலும் காணலாம். அந்தக் கம்பியைத் தள்ளி நிற்பவை மயிரிழை போன்ற இரண்டு வில்கம்பிகள். ஆண்டுகள் சென்றால் அவை ஒடியலாம், அதனால் கம்பி தளர்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள். கடையில் விரித்துப் பிடித்து, அலகை மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பார். பல் ஆடுவது போன்ற சிறு ஆட்டம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு.

இப்போது உன் முதல் படத்துக்கு வருகிறேன். கறுப்பு அலகும் ஈட்டி போன்ற கூர்முனையுமாக இருக்கும் அந்தக் கத்தி பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரிகிறது. ஆனால் கப்பலில் நீ வெட்டப்போவது கயிறு, பிளாஸ்டிக் பட்டை, கேன்வாஸ், அட்டை, டேப். இவற்றில் ஒன்றுக்கும் குத்தும் முனை வேண்டியதில்லை. கப்பல் ஆடும், அந்த ஆட்டத்தில் கூர்முனை முதலில் தேடுவது உன் தொடையையோ பக்கத்தில் நிற்பவரின் கையையோதான். பாய்மரக் காலத்து மாலுமிகளின் கத்திக்கு முனையே இல்லாமல் இருந்ததற்குக் காரணமும் இதுதான். அந்த வடிவத்தை ஷீப்ஸ்ஃபுட் என்பார்கள், ஆட்டின் குளம்பு என்று பொருள். வெட்டும் விளிம்பு நேர்க்கோடாக இருக்கும். முதுகு வளைந்து இறங்கி விளிம்பைத் தொடும். நேரான விளிம்பு கயிற்றில் முழு நீளத்துக்கும் ஒரே அழுத்தத்தோடு இறங்குவதால் வெட்டும் சுத்தமாக வரும். அலகு மூன்று அங்குலத்தை ஒட்டி இருந்தால் போதும், தடிமன் மூன்று மில்லிமீட்டர் போதும். அதைவிடத் தடித்த அலகு ஆப்பு போலப் பிளக்குமே தவிர அறுக்காது.

விளிம்பில் ரம்பம் போன்ற வாள்பல் வேண்டுமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாலிப்ரொப்பிலீன், நைலான் கயிறுகளைக் கூரான நேர்விளிம்பே அறுத்துவிடும். இன்றைய கப்பல்களில் மூரிங்குக்கு வரும் டைனீமா வகைக் கயிறு வேறு மாதிரியானது. அதன் இழைகள் வழுக்கும், மழுங்கிய நேர்விளிம்பு அதன் மேல் சறுக்கிக்கொண்டே இருக்கும். அங்கே பல் உதவும். அதனால் பாதி நேர்விளிம்பும் கைப்பிடியை ஒட்டிப் பாதி பல்லுமாக உள்ள அலகை நான் ஏற்றுக்கொள்வேன். முழுவதும் பல் உள்ளதைத் தீட்டுவதற்கு உனக்கு இப்போது பழக்கம் போதாது.

எஃகைப் பற்றி விற்பவர்கள் ஒரு எண்ணைச் சொல்லி மயக்குவார்கள். ராக்வெல் அளவில் 62, 64 என்று கடினத்தைச் சொல்வார்கள். கடினம் வேறு, உறுதி வேறு. கண்ணாடியும் கடினமானதுதான். திருப்பாச்சி அரிவாள் விறகிலும் முள்ளிலும் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கியும் நிற்கிறதென்றால், கொல்லர் அதற்குத் தோய்ச்சல் போடும்போது கடினத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதுதான் காரணம். கயிற்றுக்குள் மணலும் துருவின் துகள்களும் இருக்கும் இடத்தில் 56 முதல் 60 வரை உள்ள அலகு, சற்று விரைவில் மழுங்கினாலும் விளிம்பு சிதறாது. மழுங்கியதைப் பத்து நிமிடத்தில் தீட்டிக்கொள்ளலாம், சிதறியதைச் சரிசெய்ய அரைநாள் ஆகும். அதைவிடப் பெரிய பகை உப்புக்காற்று. டி2 என்று பொறித்த கத்திகள் குறைந்த விலைக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த எஃகில் குரோமியம் 12 விழுக்காடு அளவுக்கு இருந்தாலும், கரிமம் ஒன்றரை விழுக்காடு இருப்பதால் குரோமியத்தில் ஒரு பகுதி அதனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகள்களாகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கரையில் அது நல்ல எஃகு, கடலில் அல்ல. 14சி28என் என்ற ஸ்வீடன் எஃகில் கரிமம் குறைவு, குரோமியம் 14 விழுக்காடு, கொஞ்சம் நைட்ரஜனும் உண்டு. உன் பணத்துக்கு அது போதும். எல்சி200என் போல, கரிமத்தின் வேலையைப் பெரும்பகுதி நைட்ரஜனிடம் ஒப்படைத்த எஃகுகளும் இருக்கின்றன. அவை உப்புநீரில் கிடந்தாலும் துருவேறுவது மிக அரிது; ஸ்பைடர்கோ நிறுவனம் இவற்றைக் கொண்டு கடல்வேலைக்கென்றே கத்திகள் செய்கிறது. விலை அதிகம். அதிகாரியான பிறகு வாங்கிக்கொள்.

இரண்டாவது படத்தில் இருந்த மரப்பிடிக் கத்தியை நீ விரும்பியிருப்பாய் என்று தெரியும், ஏனென்றால் எனக்கும் அது பிடிக்கும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி அது. அலகைப் பூட்டும் அந்தச் சுழல்வளையம் 1955இல் சேர்ந்தது. அதன் அலகின் மெல்லிய வெட்டுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் மரம் ஈரத்தில் ஊதும்; ஊதினால் அலகு பிடிக்குள் இறுகி, வேண்டிய நேரத்தில் விரியாது. மேலும் அதை விரிக்க இரண்டு கை வேண்டும், டெக்கில் உன் ஒரு கை எப்போதும் கப்பலுக்குச் சொந்தம். கேபினில் மாம்பழம் நறுக்க அதை வாங்கிக்கொள், நான் தடுக்கவில்லை. வேலைக் கத்தியின் பிடி கண்ணாடியிழை கலந்த நைலானாகவோ கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் அடுக்கி இறுக்கிய ஜி10 பலகையாகவோ, சொரசொரப்பாக இருக்கட்டும். அலகில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளை இருந்தால் கையுறையோடும் விரிக்க முடியும். கடைக்குப் போகும்போது நீ வாங்கிய கையுறையைக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு இடக்கையால் இருபது முறை விரித்து மடக்கிப் பார்த்த பிறகே பணம் கொடு.

கப்பலேறியதும் முதல் வேலையாக உன் போசனிடம் கத்தியைக் காட்டு. சில நிறுவனங்கள் மடக்குக்கத்தியையே தடுத்து, அலகு மறைந்திருக்கும் பாதுகாப்புக் கட்டரை மட்டும் அனுமதிக்கின்றன. அப்படியானால் ஒரு வார்த்தையும் பேசாமல் பெட்டிக்குள் வைத்துவிடு. இழுவிசையில் இருக்கும் கயிற்றின் மேல் கத்தியை வைக்காதே, யார் உரக்கச் சொன்னாலும் வைக்காதே. நைலான் கயிறு ரப்பர் போல நீண்டு, அறுந்த கணத்தில் திரும்பி அடிக்கும்; அந்த அடியில் விழுந்தவர்களைத் தூக்கியவன் நான். பெயின்ட் டப்பா திறக்கவும் ஆணி நெம்பவும் கத்தி வேண்டாம். வெட்டும் திசையில் உன் உடம்பு இருக்கக்கூடாது, அடுத்தவருடைய உடம்பும் இருக்கக்கூடாது.

பராமரிப்பு சிறிய வேலைதான். மாலையில் நன்னீரில் கழுவி, துணியால் துடைத்து, விரித்தபடியே உலரவிட்டு, திருகில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடு. சமையல் எண்ணெய் நாளடைவில் பசையாகிவிடும். வைரத்துகள் பதித்த சிறு தகடு ஒன்று வாங்கிக்கொண்டால் சாணைக்கல் சுமக்க வேண்டாம். பக்கத்துக்கு இருபது பாகைச் சாய்வில் தேய்த்து, மறுபுறம் பிசிறு எழுவதை விரல்நுனியில் உணர்ந்த பிறகு திருப்பு.

கப்பலேற விமானத்தில் போகும்போது கத்தி சரக்கில் போடும் பெட்டிக்குள் இருக்க வேண்டும், கைப்பையில் அல்ல. துறைமுகத்தில் ஊர் பார்க்க இறங்கும்போது அது கேபினிலேயே இருக்க வேண்டும். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது மூன்று அங்குலத்துக்கு மிகாத விளிம்புள்ள, பூட்டில்லாத மடக்குக்கத்தி மட்டும். உன்னுடையதற்குப் பூட்டு இருக்கும். கப்பல் வேலை கப்பலில் காரணமாகுமே தவிர, கடைத்தெருவில் ஆகாது. பொத்தானை அழுத்தினால் தானே பாய்ந்து திறக்கும் வகையின் விற்பனையை அங்கே 1959இலேயே தடைசெய்துவிட்டார்கள், அதைத் தொடாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு கயிறு வைத்திருக்கிறேன். கத்தியின் பின்துளையில் ஒரு முனையையும் இடுப்புப் பட்டையில் மறு முனையையும் கட்டிக்கொள். ஒருபோதும் கழுத்தில் மாட்டாதே. உயரத்தில் வேலை செய்யும்போது கைதவறினால் கத்தி கீழே நிற்பவர் தலைக்குப் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். நான்கு இழையாகப் பின்னியது, விரல் மடங்காததால் இரண்டு மாலை பிடித்தது. இடுப்பிலிருந்து இடக்கையை முழுதாக நீட்டினாலும் இழுக்காத நீளம் வேண்டும் என்பதற்காக, நீ இங்கே விட்டுப்போன நீலச் சட்டையைக் கொடியில் மாட்டி அம்மா அளந்து சொன்னாள். கட்டிப் பார்த்துவிட்டு, குட்டையாக இருந்தால் உடனே எழுது. நீ கிளம்புவதற்குள் இன்னொன்று பின்னி அனுப்ப நாள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா